என்பு இழப்பதும் நாடி சேர்ப்பதும்

வழுக்கி விழுந்த வயோதிபத் தாயின் இடுப்பென்பு முறிந்தால், அதனை முதுமையின் வழமையான விபத்தாகவே நாம் கொள்கிறோம். மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிகோலும் குருதி நாடிகளின் இறுக்கத்தையோ முற்றிலும் வேறான நோயெனக் கருதுகிறோம். ஆயினும் என்பு அடர்த்தி குன்றியோரிடம் நாடி இறுக்கமும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன.

எமது உடலிலுள்ள கல்சியத்தில் சுமார் 99 சதவீதம் என்புகளிலும் பற்களிலுமே உள்ளது. இறுகிய நாடிச் சுவரில் படிவதும் இதே கல்சியந்தான். அது குழாயில் படியும் சுண்ணாம்பைப் போன்றதன்று. சுவரிலுள்ள தசைக் கலங்கள் தம்மியல்பு திரிந்து, என்பை ஆக்கும் கலங்களைப் போன்று தொழிற்படத் தொடங்குகின்றன. 1998இல் வெளியான ஆய்வொன்றில், என்புத் தேய்வைக் கட்டுப்படுத்தும் ஒஸ்தியோபுரொட்டஜெரின் என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளின் என்புகள் நலிந்தன. அவற்றின் பெருநாடியிலோ கல்சியம் படிந்தது!

மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் குறைவதால் பெண்களின் என்பு விரைந்து தேய்கிறது. அவர்களுக்கு இருதய நோய் அபாயம் கூடுவதும் அக்காலத்திலேயே. புகைத்தல், உடலுழைப்பின்மை, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியனவும் இரண்டையும் பாதிக்கின்றன.

நாடி இறுகிவிடுமென அஞ்சிப் பாலையும் நெத்தலியையும் கைவிடுவது பேதைமை. வைத்திய ஆலோசனையின்றிக் கல்சிய மாத்திரைகளை விழுங்குவதும் அத்தகையதே.

முள்ளந்தண்டுக்கென எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படத்திலேயே வயிற்றுப் பெருநாடியின் கல்சியப் படிவு சிலவேளை வெண்கோடாகத் தென்படும். முறிவுக்காக வைத்தியரிடம் செல்லும்போதே குருதியமுக்கத்தையும் கொலஸ்ரோலையும் பரிசோதிக்குமாறு நாம் கேட்கலாம்.