நான்கு சக்கர இயக்க டிராக்டர்: சேற்றில் அதன் எல்லையும், கருவிகள் பொருத்தும் முறையும்

குறுவை அறுவடை முடிந்து தாளடிக்கு வயலைத் தயார் செய்யும் நாட்களில் ஐப்பசி மழையும் சேர்ந்து கொள்கிறது. அவ்வேளையில் டிராக்டர் சேற்றில் புதைந்து நின்றால் உழவுக் கூலியோடு மீட்புக் கூலியும் கொடுக்க நேரிடும். நடவும் தள்ளிப் போகும். இதனால் நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டரை வாடகைக்கு எடுக்கவும், வாங்கவும் விவசாயிகள் விரும்புகின்றனர். இவ்வகை டிராக்டர் எங்கே உதவும், எங்கே உதவாது, கருவிகளைப் பொருத்தும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைக் காண்போம்.

பிடிப்பு வேறு, தாங்கும் திறன் வேறு

சாதாரண டிராக்டரில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. அது இழுவைக்குப் பயன்படுவதில்லை. நான்கு சக்கர இயக்கத்தில் அந்த எடையும் இழுவைக்கு உதவுகிறது. ஆகவே சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை ஆகியவற்றை இழுக்கும்போதும், ஈரமான வரப்பைக் கடக்கும்போதும் நல்ல பலன் கிடைக்கும்.

ஆனால் டிராக்டரின் எடை இதனால் குறைவதில்லை. முன் அச்சில் பற்சக்கரங்கள் சேர்வதால் சற்றுக் கூடவே செய்யும். சக்கரம் சுற்றுவது எஞ்சினின் வேலை. எடையைத் தாங்குவது மண்ணின் வேலை. நெல் வயலில் சேற்றுக்கு அடியில் உள்ள கெட்டிப் படுகைதான் டிராக்டரைத் தாங்குகிறது. அப்படுகை இல்லாத இடத்தில் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே புதையும்.

இறங்குமுன் சோதனை

ஒரு இரும்புக் கம்பியை வயலில் பல இடங்களில் கையால் அழுத்திப் பார்க்கவும். வாய்க்கால் ஓரம், பள்ளமான மூலை, முன்பு டிராக்டர் புதைந்த இடம் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். கம்பி கெட்டிப் படுகையைத் தொடும் ஆழம், தரைக்கும் டிராக்டரின் முன் அச்சுக்கும் உள்ள இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆழம் அந்த அளவை நெருங்கினால் அச்சு சேற்றின் மேல் உட்கார்ந்துவிடும். சக்கரங்கள் வீணே சுழன்று கெட்டிப் படுகையைக் குடைந்துவிடும். அடுத்த பருவத்திலும் அதே இடம் புதைகுழியாகவே இருக்கும். அத்தகைய வயலுக்குப் பவர் டில்லரே ஏற்றது.

ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் கத்திகள் சுழலும்போது டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகின்றன. இழுவை மிகக் குறைவு. கெட்டியான நிலத்தில் இவ்வேலைக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்து நான்கு சக்கர இயக்கம் வாங்கத் தேவையில்லை.

டயர்களின் பொருத்தம்

இயக்கத்தைப் பூட்டியதும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 1 முதல் 5 சதம் வரை முந்திச் செல்லுமாறு பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. கிடைக்கும் அளவில் ஏதோ ஒரு டயரை மாட்டினாலோ, ஒரு அச்சில் புதிய டயரும் மற்றதில் தேய்ந்த டயரும் இருந்தாலோ இக்கணக்கு மாறிவிடும். முன் சக்கரம் இழுப்பதற்குப் பதிலாக இழுபடும். அல்லது அளவுக்கு மீறி முந்தி டயரையும் பற்சக்கரத்தையும் தேய்க்கும்.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். சமமான மண் பாதையில், பின் சக்கரம் 20 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணவும். இயக்கத்தை விடுவித்து ஒருமுறையும், பூட்டி ஒருமுறையும் எண்ண வேண்டும். விடுவித்தபோது 28 சுற்றும், பூட்டியபோது 29 சுற்றும் வந்தால் வித்தியாசம் சுமார் 3.5 சதம்; இது சரியான அளவு. தார்ச் சாலையில் எப்போதும் இயக்கத்தை விடுவித்தே ஓட்ட வேண்டும்.

கேஜ் வீலும் பிற கருவிகளும்

டயரோடு சேர்த்து மாட்டும் கேஜ் வீல் டயரைவிடச் சற்றுச் சிறிய விட்டம் உடையதாக இருப்பது நல்லது. டயரைக் கழற்றிவிட்டு முழு இரும்புச் சக்கரம் மாட்டினால் பின் விட்டம் மாறும். முன் இயக்கம் பொருந்தாது. எனவே கம்பெனி கையேட்டில் அனுமதித்த அளவையே வாங்கவும். கேஜ் வீலுடன் சாலையில் செல்லக் கூடாது.

மூன்று முனை இணைப்பில் கீழ்ப் பின்னின் விட்டம் முதல் வகையில் 22 மி.மீ., இரண்டாம் வகையில் 28 மி.மீ. ஆகும். பெரிய துளையில் சிறிய பின்னைப் போட்டு ஓட்டினால் கருவி ஆடித் துளை தேய்ந்துவிடும். உரிய புஷ் போட வேண்டும்.

ரோட்டவேட்டரைப் புதிதாக மாட்டியதும் இணைப்புத் தண்டைச் சுழல விடாமல், கருவியை ஹைட்ராலிக்கால் மெதுவாக உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்து, இணைப்புத் தண்டின் நீளத்தைச் சரிபார்க்கவும். தண்டின் இரு குழாய்களும் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது. கழன்று வரவும் கூடாது.

முன்புறம் மண் தள்ளும் பலகையோ, லோடரோ பொருத்தினால் முன் அச்சின் பாரம் மிகுந்து ஈரத்தில் முதலில் முன் சக்கரமே புதையும். சேற்று வேலைக்கு முன் அதனைக் கழற்றிவிடவும்.

புதைந்துவிட்டால்

சக்கரம் முன்னேறாமல் சுழலத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கருவியைக் கழற்றி, சக்கரத்தின் பின்புறச் சேற்றை வெட்டியெடுத்து, வந்த வழியே பின்னோக்கி எடுக்கவும். பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. கட்டை சிக்கிச் சக்கரம் நின்றால், டிராக்டரின் முன்பாகம் மேலெழுந்து ஒன்றரை விநாடியில் ஓட்டுநர் மேல் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப நேரமிராது. வேறு டிராக்டரால் இழுக்கும்போது, இழுக்கும் வண்டியின் கீழ்க் கொக்கியிலேயே சங்கிலியைப் பூட்ட வேண்டும். மேல் இணைப்பில் ஒருபோதும் பூட்டக் கூடாது. அருகில் எவரும் நிற்கக் கூடாது.

நான்கு சக்கர இயக்கம் நல்ல துணையே. ஆனால் வயலின் ஆழத்தை அறிந்த பிறகே அதனை நம்பி இறங்க வேண்டும். இறங்குமுன் கம்பி ஊன்றிப் பார்க்க ஆகும் கால் மணி நேரம், ஒரு நாள் வேலையையும் ஓர் உயிரையும் காக்கும் என்பதை உழவர் பெருமக்கள் நினைவில் கொள்ள வேண்டும்.