மார்க்கைத்தான் குறைக்க முடிஞ்சுது!

ராப்னு சொன்னதும் தங்கச் சங்கிலி, கூலிங்கிளாஸோட ஆண்கள்தான் உங்க கண் முன்னாடி வர்றாங்களா? ஒரு நிமிஷம் பாஸ். 1984-ல் நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் இருந்த 14 வயசுப் பொண்ணு லொலிடா ஷான்டே கூடனைப் பற்றித் தெரிஞ்சுக்குங்க. மேடைப் பெயர், ராக்ஸான் ஷான்டே.

அப்போ யு.டி.எஃப்.ஓ. குழுவோட 'ராக்ஸான், ராக்ஸான்' பாட்டு செம ஹிட். ராக்ஸான்னு ஒரு பொண்ணு பின்னாடி மூணு பசங்க சுத்துறாங்க. அவ கண்டுக்கலை. உடனே புலம்பல்! சரி, ராக்ஸான் என்ன நினைச்சா? அதை யாருமே கேட்கலை. ஷான்டே கேட்டார். அதே குடியிருப்பில் இருந்த டி.ஜே. மார்லி மார்ல் கூப்பிட, துணி துவைக்கப் போற வழியில் அவர் வீட்டுக்குப் போய், பேப்பர் பேனா இல்லாம, வாயில் வந்ததை ஒரே மூச்சில் பாடி முடிச்சதா ஷான்டேவே சொல்லியிருக்கார். அதுதான் 'ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்'.

பத்திக்கிச்சு! பதிலுக்குப் பதில், அதுக்கொரு பதில்னு டஜன் கணக்கில் ரெக்கார்டுகள். யு.டி.எஃப்.ஓ. தரப்பே 'த ரியல் ராக்ஸான்'னு வேறொரு பொண்ணைக் களமிறக்கியது. ஹிப்-ஹாப் வரலாற்றில் இதுக்குப் பேரே 'ராக்ஸான் யுத்தம்'.

அடுத்ததுதான் கடுப்பேத்துற மேட்டர். 1985-ல் நியூ மியூசிக் செமினாரில் ராப் போட்டி. எதிரெதிரே நின்னு, அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடணும். ஆண்களை வரிசையா சாய்ச்சு ஃபைனலுக்கு வந்தார் ஷான்டே. எதிரில் பிஸி பீ. ஜெயிச்சது அவர்தான். நடுவர்களில் ஒருவரான ராப்பர் கர்டிஸ் ப்ளோ ஷான்டேவுக்குப் போட்ட மார்க், பத்துக்கு வெறும் 4. ஒரு சின்னப் பொண்ணு டாப்னு அறிவிச்சா ஹிப்-ஹாப்பை யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்கனு பயந்து போட்ட மார்க் அதுனு ஷான்டே பின்னாடி சொன்னார். வைவாவில் கரெக்டா பதில் சொல்லியும் மார்க் போகும் பாருங்க, அந்த எரிச்சல் நமக்குப் புரியும்தானே?

1989-ல் 'பேட் சிஸ்டர்', 1992-ல் இன்னொண்ணு. ரெண்டே ஆல்பம்தான், அப்புறம் ஒதுங்கிட்டார். புகழ மட்டும் செய்யறதும் நியாயமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் பிஎச்.டி. முடிச்சதா 2009-ல் பேப்பரில் வந்த கதையை 'ஸ்லேட்' இதழ் தோண்டினப்போ, அப்படிப் பட்டமே இல்லைனு தெரிஞ்சுது. அவர் பாடினதுக்குப் பட்டம் எதுக்குங்க?

2017-ல் அவர் வாழ்க்கை 'ராக்ஸான் ராக்ஸான்'னு சினிமாவாச்சு. 2025-ல் கிராமி அமைப்பின் வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைச்சுது. கேட்கப் போறீங்களா? முதல்ல பசங்க பாட்டு, அப்புறம் ஷான்டே பாட்டு. இந்த வரிசை முக்கியம்!