மலையூர்களுக்குக் கம்பி வந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிக் காடும் மலையுமாகக் கிடக்கும் வெர்மாண்ட் என்னும் சிறு ராஜ்யத்தின் ஜனத்தொகை, 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சுமார் 6,43,000தான்; அதன் தலைநகரான மாண்ட்பீலியரிலோ பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஒரு மைல் சாலைக்கு நாலைந்து வீடுகளே தென்படும் இடங்கள் அங்கே அநேகம். அந்த நாலைந்து வீட்டாரின் மாதச் சந்தாவைக் கொண்டு, ஒரு மைல் தூரம் கண்ணாடி இழைக் கம்பி இழுத்த செலவை ஈடுகட்ட எத்தனை வருஷம் செல்லும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த தனியார் கம்பெனிகள், அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதும் நியாயமாகாது. லாபத்துக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனம் தெரிந்தே நஷ்டத்தில் காலை விடாது.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையை ஒட்டி ஊர்க்கூட்டம் கூட்டி, சாலைச் செலவு முதலான சகல விஷயங்களையும் ஊராரே விவாதித்து முடிவு செய்வது வெர்மாண்டின் நெடுங்கால வழக்கம். 2008ஆம் ஆண்டு அவ்வாறு கூடியபோது, ராஜ்யத்தின் கிழக்கு மத்தியப் பகுதியைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள், தாமே ஒன்றுசேர்ந்து பிராட்பேண்ட் அமைத்துக்கொள்வது என்று தீர்மானித்தன. அந்த முயற்சிக்கு 'ஈசிஃபைபர்' என்று பெயர். ஆனால் அவ்வருஷ இறுதிக்குள் அமெரிக்கப் பண உலகமே ஆட்டம் கண்டுவிட்டபடியால், கடன் தருவதாக இருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியின்றி ஊராரிடமே 2,500 டாலர் வீதம் கடன் பத்திரம் விற்று, 2011இல் பார்னார்டு என்னும் ஊரில் முதல் சந்தாதாரர்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் இவ்விதம் திரண்ட தொகை ஏறத்தாழ 70 லட்சம் டாலர். கேட்பதற்குப் பெரிய தொகைதான். மலைச்சாலைகளின் நீளத்தை நினைத்தால் எம்மாத்திரம்?

கம்பி இழுப்பது அத்தனை எளிய காரியமன்று. சாலையோரத்துக் கம்பங்கள் மின்சாரக் கம்பெனிக்கோ டெலிபோன் கம்பெனிக்கோ சொந்தமானவை. ஒவ்வொரு கம்பத்துக்கும் மனுப் போட்டு, அதில் ஏற்கெனவே இருக்கும் கம்பிகளை மேலும் கீழுமாக நகர்த்தி இடம் உண்டாக்கி, உளுத்துப்போன கம்பமாயின் புதிதாக நட்டு, அதற்கான செலவில் பெரும்பங்கைப் பெரும்பாலும் புதிதாக வருபவரே ஏற்கவேண்டும். அதன் பிறகுதான் எஃகு வடம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் ஓடும் சிறு யந்திரம் ஒன்றைக் கயிற்றால் இழுத்துச் செல்ல, அது மெல்லிய கம்பியைச் சுற்றிக்கொண்டே போய் இழைக் கேபிளை வடத்தோடு பிணைக்கும். மயிரிழை பருமனுள்ள கண்ணாடியை மின்பொறியால் உருக்கி ஒட்டும் வேலை அதற்கும் பிற்பாடு. கம்பி கட்டும் நாளைவிடக் கம்பத்துக்காகக் காத்திருக்கும் நாளே அதிகம்.

சர்க்கார் அதுவரை சும்மா இருந்துவிடவில்லை. 2007இல் ஏற்பட்ட வெர்மாண்ட் தொலைத்தொடர்பு ஆணையம் சில பிரதேசங்களில் இழைகளைப் போட்டு வாடகைக்கு விட்டதுண்டு. எனினும், என் அபிப்பிராயத்தில், ராஜ்ய சர்க்கார் செய்த பேருதவி, கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுக்காமல் 2015இல் இயற்றிய ஒரு சட்டமே. இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஊர்கள், தங்கள் வாக்காளரின் சம்மதத்துடன், 'தகவல் தொடர்பு ஒன்றியம்' ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஒரு பிரதிநிதி. வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. கடனை ஊரார் வரிப்பணத்திலிருந்து அடைக்கவும் கூடாது, சந்தா வருமானத்திலிருந்தே அடைக்கவேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுகளிருந்தும், சட்டப்படி ஓர் உள்ளாட்சி ஸ்தாபனம் என்ற அந்தஸ்துக் கிடைத்ததனால், அடுத்த ஆண்டே ஈசிஃபைபர் 90 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரங்களைச் சந்தையில் விற்க முடிந்தது. வருஷக்கணக்கில் வீடு வீடாகத் திரட்டியதைக் காட்டிலும் அதிகமான தொகை ஒரே தவணையில் வந்து சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அந்நாட்டிலேயே உண்டு. டென்னசி ராஜ்யத்துச் சட்டனூகா நகரின் மின்சார நிலையம் 2010இலேயே விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணைப்புத் தரத் தொடங்கிய போதிலும், தன் மின்விநியோக எல்லையைத் தாண்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அதை அளிக்க ராஜ்யச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2015இல் மத்திய சர்க்காரின் தகவல் தொடர்பு ஆணையம் அத்தடையை நீக்கப் பார்த்தது. ராஜ்யத்தின் உரிமையில் தலையிட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று மறு ஆண்டே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வெர்மாண்டில் பணம் பிற்பாடுதான் வந்தது. 2019இல் டெலிபோன் பில்லின் மீதான பொதுச்சேவைக் கட்டணத்தை 2 சதவீதத்திலிருந்து 2.4 ஆக உயர்த்தி, ஒன்றியங்களுக்குத் திட்டமிடும் செலவுக்கு மானியமும் ஆரம்பக் கடனும் தர வழிசெய்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இணைப்பில்லாத பிள்ளைகள் பாடத்துக்காக நூலக வாசலில் காருக்குள் உட்கார நேர்ந்த பின்னர், இதில் கட்சி வேற்றுமை அதிகம் எழவில்லை. 2021இல் மத்திய நிவாரண நிதியிலிருந்து 15 கோடி டாலரை ஒதுக்கி, அதைப் பகிர்ந்தளிக்கத் தனி வாரியமும் அமைத்தது சட்டசபை. கட்டுமான மானியம் வேண்டுவோர், லாபமுள்ள சாலைகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல், தம் எல்லைக்குள் போதிய இணைப்பில்லாத எல்லா வீடுகளுக்கும் சேவை அளிக்கத் திட்டம் காட்டவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அந்த நிபந்தனைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது: மின்சாரக் கம்பி எட்டிய விலாசங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மின்கம்பமே ஏறாத மலையுச்சியில், சூரிய ஒளித் தகட்டை நம்பிக் குடியிருப்போரை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.