தண்ணீர்மலை நோன்பும் குடிநோய் மருத்துவமும்

பினாங்கு மாநிலத்தின் தென்புறத்தில், நிபோங் திபாலை ஒட்டியது பைராம் தோட்டம். ஒரு காலத்தில் கரும்பு விளைந்த அவ்வட்டாரத்தில் பின்னர் பால்மரம் நின்றது. அதன்பின் செம்பனை வந்தது. மலாயாத் தோட்டங்களில் பயிர் மாறிய காலத்திலும் நெடுநாள் மாறாதிருந்தது கள்ளுக்கடை. அதை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரினர். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் திரண்டது. ஊரே மாறத் துணிந்த பொழுதுகள் அவை. ஆயினும் கடை மூடியதால் மட்டும் ஒருவரின் குடிநோய் தீர்வதில்லை. கள்ளைவிடப் பன்மடங்கு வலிய சம்சு என்னும் மலிவுச் சாராயம் தோட்டப்புறங்களை அரித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கெதிராகப் பல்லாண்டு குரல் கொடுக்க நேர்ந்தது.

தனியொருவரின் உள்ளம் மாற்றத்திற்கு முன்வருவது எப்போது? 1983இல் புரோச்சாஸ்கா, டிகிளமென்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், புகைப்பழக்கத்தை விட முயன்றோரை ஆராய்ந்து, எண்ணாத நிலை, எண்ணும் நிலை, செயல்நிலை, காக்கும் நிலை எனப் படிகள் வகுத்தனர். அப்படிகளின் எல்லைகள் செயற்கையானவை என்று பின்னாளில் மறுப்பு எழுந்தது. அம்மறுப்பு நேரியது. காலையில் விட்டொழிக்க உறுதி பூண்டவரே மாலையில் கடை வாயிலில் நிற்பதை அறியாத குடும்பம் உண்டா?

குடிநோயாளர் 1,726 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த 'மேட்ச்' ஆய்வு, 1997இல் தன் முதன்மை முடிவுகளை வெளியிட்டது. ஒப்பிட்ட மூன்று முறைகளில் இரண்டுக்குப் பன்னிரண்டு அமர்வுகள். உள்ளூக்கத்தைத் தூண்டும் முறைக்கு நான்கே. விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், புறநோயாளருள் தொடக்கத்திலேயே மாறும் முனைப்பு மிகுந்திருந்தோர் மூன்றாண்டு கழித்தும் குறைவாகக் குடித்தனர். இதைக் கண்டு, முனைப்புள்ளவர் வரட்டும், மற்றவர் பட்டுத் திருந்தட்டும் என முடிவுகட்டுவது பெரும்பிழை.

முனைப்பு எதிரில் இருப்பவரின் பேச்சால் ஏறும், இறங்கும். 1993இல் அமெரிக்க உளவியலாளர் மில்லரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவம் செய்தவர் எவ்வளவு மடக்கி வாதிட்டாரோ அவ்வளவுக்கு அந்நோயாளர் ஓராண்டின்பின் மிகுதியாகக் குடித்தார். ஆராயப்பட்டோர் 42 பேரே. எனினும் நம் வீடுகளில் நடப்பதும் அதுவே. "குடும்பத்த அழிச்சிட்டியேடா" என்று அண்ணன் சாடுகிறார். "என் காசு, நான் குடிக்கிறேண்ணே" என்கிறார் தம்பி. குடிநோயாளரின் நெஞ்சில் விடவேண்டும், குடிக்கவேண்டும் என்னும் இரண்டும் வாழ்கின்றன. ஒன்றை அண்ணன் பேசிவிட்டால், மற்றொன்றுக்காக வாதாடும் வேலை தம்பிக்கு வந்துவிடுகிறது. "மவ பள்ளிக்கூடத்துப் பக்கமே நான் போனதில்ல" என்று அவராகச் சொல்லும்வரை பொறுத்திருந்து கேட்பதும் மருத்துவமே.

அத்தகைய முனைப்பைப் பற்றிக்கொள்ளப் பினாங்குத் தமிழருக்கு ஒரு நல்வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்போர் நோன்பிருந்து, அந்நாள்களில் மதுவைத் தொடுவதில்லை. எந்த வினாத்தாளும் அளந்து காட்டாத முனைப்பு இது. ஆனால், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். தொடர்ந்து நடுக்கமும் மனக்குழப்பமும் மிகுந்து உயிருக்கே இடர் நேரலாம். எனவே, நோன்பு தொடங்குமுன் அவர் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அடுத்த இடர் நோன்பு முடியும் நாள். பழைய கூட்டாளிகள் காத்திருக்கும் நாள் அது. அதற்கு முன்பே கிளினிக்கில் நாள் குறித்து, நால்ட்ரெக்சோன் போன்ற மருந்து தமக்கு ஏற்குமா என்று மருத்துவரிடம் கேட்டு, உடன்வருவது அக்காவா மச்சானா என்பதையும் பேசி வைத்திருந்தால், காவடியை இறக்கி மலையடிக்கு வருபவருக்கு அடுத்துப் போகவேண்டிய இடம் தெரிந்திருக்கும்.