லேபுக்கு அடியில் ரயில்... கருவிகள் ஆடாதா?

கேம்பஸ் பக்கத்திலேயே ரயில் நின்றால் மாணவர்களுக்கு ஜாலிதான். ஆனால், அதே ரயில் ஆய்வகங்களுக்கு அடியில் ஓடினால்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் இந்தச் சிக்கலைத்தான் சந்தித்தது.

அங்கே ஹஸ்கி ஸ்டேடியம் அருகே சுரங்க ரயில் நிலையம் 2016 மார்ச் 19-ல் திறக்கப்பட்டது. பிளாட்ஃபார்ம் சுமார் 95 அடி ஆழத்தில் இருக்கிறது. நகர மையத்தின் வெஸ்ட்லேக் நிலையத்துக்கு சுமார் 6 நிமிடத்தில் போய்விடலாம்.

என்ன பிரச்சினை?

அங்கிருந்து வடக்கே யு டிஸ்ட்ரிக்ட் நிலையத்துக்குப் போகும் சுரங்கம், கேம்பஸுக்கு அடியில் செல்கிறது. நமக்குத் தெரியாத சின்ன அதிர்வுகூட நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்குத் தெரிஞ்சிடும். மின்சார ரயில் என்பதால் காந்தப்புலமும் மாறும். ரெண்டுமே ஆய்வு முடிவுகளைக் கெடுக்கலாம்.

எப்படிச் சமாளித்தார்கள்?

ரயிலை இயக்கும் சவுண்ட் டிரான்சிட் அமைப்பும் பல்கலைக்கழகமும் அதிர்வு, காந்தப்புலம் இரண்டுக்கும் வரம்பு வைத்து ஒப்பந்தம் போட்டன. தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் பலகை, சுரங்கத் தரையில் நேரடியாக உட்காராமல் ரப்பர் தாங்கிகள் மேல் வைக்கப்பட்டது. அதிர்வின் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் 'ஃப்ளோட்டிங் ஸ்லாப்'.

2021 அக்டோபர் 2-ல் இந்தப் பாதை திறக்கப்பட்டது. ரயிலா, ஆராய்ச்சியா என்று ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், எவ்வளவு அதிர்வு வரை ஓகே என்பதைத் தண்டவாளம் போடும் முன்பே பேசி முடிச்சிடணும். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பலகையைப் பெயர்த்து ரப்பர் வைப்பது லேசான வேலை இல்லை.