இரத்தம் திரும்பும் வேளையில் ஹைட்ரஜன்

மாரடைப்பில் அடைபட்ட இதயத் தமனியை விரைந்து திறப்பதே உயிர்காக்கும் சிகிச்சை எனினும், ஆக்சிஜனின்றித் தவித்த தசைக்குள் இரத்தம் மீண்டும் பாயும்போது, அந்தப் பாய்ச்சலாலேயே தசையின் ஒரு பகுதி மடிந்துபோவது இதயவியலில் இன்றும் தீராத சிக்கலாக உள்ளது. மறுபாய்வுச் சேதம் எனப்படும் இந்நிலையில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள், இணைசேராத எலக்ட்ரானைக் கொண்டிருப்பதால் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என அருகிலுள்ள எதையும் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. அவற்றுள் மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கலை அழிக்க உடலில் நொதி எதுவும் இல்லை.

ஜப்பானின் நிப்பான் மருத்துவக் கல்லூரியில் ஷிகெயோ ஓட்டாவின் குழு 2007இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஹைட்ரஜன் வாயு இந்த ராடிக்கலைத் தணிக்கிறது என்றும், செல்களின் தகவல் பரிமாற்றத்துக்குத் தேவையான மென்மையான ஆக்சிஜன் சேர்மங்களை விட்டுவிடுகிறது என்றும் கூறியது. மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியதான ஹைட்ரஜன் செல் சவ்வுகளை எளிதில் ஊடுருவும் என்பது உண்மையே. ஆனால் ஹைட்ராக்சிலுடன் அது வினைபுரியும் வேகம் குறைவு என்பதால், பலன் வேறு வழியில் விளையக்கூடும் என்ற ஐயம் நியாயமானது. அடுத்த ஆண்டே, ஹைட்ரஜனைச் சுவாசித்த எலிகளில் மாரடைப்பால் அழியும் தசைப்பரப்பு குறைந்ததை கெயோ பல்கலைக்கழகத்தினர் காட்டினர்.

மனிதரிடம் கிடைத்த முக்கியமான சான்று, இதயம் நின்று மீண்டும் துடித்து, மூளைக்கு இரத்தம் திரும்பிய பின்னும் நினைவு திரும்பாதவர்களிடம் ஜப்பானின் 15 மருத்துவமனைகளில் நடந்து, 2023இல் வெளியான ஹைப்ரிட்-2 ஆய்வாகும். எரியும் வரம்பான 4 சதவீதத்துக்குக் கீழே, 2 சதவீத ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் கலந்து 18 மணி நேரம் செலுத்தப்பட்டது. 90 நாட்களுக்குப் பின் அன்றாட வாழ்வைத் தாமே நடத்தும் அளவுக்கு மூளைத்திறனோடு மீண்டவர்கள் ஹைட்ரஜன் பெற்றோரில் 56 சதவீதம், பெறாதோரில் 39 சதவீதம். ஆய்வின் முதன்மைக் கேள்வியான இதில் வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. உயிர்பிழைத்தோர் விகிதமோ 85 சதவீதத்துக்கு 61 சதவீதம் எனத் தெளிவாகவே விலகி நின்றது.

இத்தனை முக்கியமான ஆய்வு, திட்டமிட்ட 360 பேரை எட்டுமுன் கொரோனா பெருந்தொற்றால் 73 பேரோடு நின்றது பெரும் இழப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அளவறிந்து செலுத்தப்பட்ட வாயுவின் இந்த முடிவுகளை, கடைகளில் விற்கப்படும் ஹைட்ரஜன் நீருக்குச் சான்றாகக் காட்டுவது நோயாளிகளை ஏமாற்றுவதாகும். எஞ்சியிருப்பது, போதிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம், மாரடைப்பின் வெவ்வேறு நிலைகளையும் உட்படுத்தி, அதே ஆய்வை இறுதிவரை நடத்தி முடிக்கும் பணியே.