தொட்டியில் மிதந்த பந்தும் கட்டட நிர்மாண வர்த்தகரும்

கட்டடங்களும் பாதைகளும் அமைத்துப் பொருளீட்டிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த ஒரு கூடைப்பந்தை 2,700 டொலர் கொடுத்து வாங்கினார் என்றால், வியாபாரம் தெரியாதவர் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் அவர் ஒரு பொறியியலாளர்.

சைப்பிரஸ் நாட்டவரான டாக்கிஸ் ஜொஆனு 1939 இல் பிறந்தவர். அமெரிக்காவின் கோர்னெல், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் சிவில் பொறியியலையும் பின்னர் ரோமில் கட்டடக் கலையையும் கற்றார். இவரது தந்தை 1941 இல் ஒரு பங்காளியுடன் இணைந்து ஆரம்பித்த நிர்மாண நிறுவனம் லிபியா, ஓமான், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் பாரிய ஒப்பந்தங்களைப் பெற்று வளர்ந்தது. 1983 இல் டாக்கிஸ் 'டெஸ்டே' என்ற கலை மன்றத்தை நிறுவினார்.

பந்தை வாங்கியது 1985 இல், நியூயோர்க்கில். அதைச் செய்தவர் அன்று பிரபலமடையாத ஜெப் கூன்ஸ். தொட்டியின் அடியில் உப்புக் கரைந்த கனமான நீர், மேலே தூய நீர். நடுவே பந்து மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும். நாளடைவில் இரு நீரும் கலந்தால் சமநிலை குலைந்துவிடும். இதற்காக கூன்ஸ், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ரிச்சர்ட் பெய்ன்மனிடம் ஆலோசனை பெற்றிருந்தார். பொறியியல் கற்ற ஒருவரை இது கவர்ந்ததில் வியப்பில்லை.

இருவரின் நட்பு கடலுக்கும் சென்றது. 2008 இல் ஜொஆனுவின் உல்லாசப் படகுக்கு கூன்ஸ் வர்ணம் தீட்டினார். முதலாம் உலகப் போரில், கப்பலின் வேகத்தையும் திசையையும் எதிரி தவறாகக் கணிக்கச் செய்த கோலங்களே அதற்கு மாதிரி.

எனினும் விமர்சனமும் எழுந்தது. 2010 இல் நியூயோர்க்கின் நியூ மியூசியம் இவரது சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தது. அப்போது இவர் அந்நூதனசாலையின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார். கண்காட்சியைத் தொகுத்தவரோ கூன்ஸ். பொது நிறுவனம் தனியாரின் சொத்துக்கு மதிப்புக் கூட்டலாமா என்ற கேள்வி நியாயமானதே. கூன்ஸின் உருக்கு முயல் ஒன்று 2019 இல் 91 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனதை எண்ணினால் அதன் கனம் புரியும்.

தந்தை ஆரம்பித்த நிறுவனம் 2018 இல் கலைப்புக்குள்ளானது. மகன் நிறுவிய மன்றம் அதன் பின்னரும் தொடர்ந்தது. தான் விளங்கிக்கொண்ட பொருளை, பிறர் அதனை நாடுமுன் வாங்குவதே இவரது கதையில் வர்த்தகர்களுக்குள்ள பாடம். வாங்கியபின் அதன் மதிப்பை யார் உயர்த்துகிறார்கள் என்பதும் கணக்கில் தெளிவாக இருக்க வேண்டும்.